பெயர் மறைத்த அறை

விற்பனைக்கு வரும் பண்டங்களுள் விசித்திரமானது, விடுதி அறையின் ஓர் இரவு. அரிசி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். பட்டுப்புடவை அடுத்த தீபாவளிவரை அலமாரியில் காத்திருக்கும். கத்தரிக்காய்கூட வாடியபின் பாதி விலைக்காவது போகும். ஆள் வராத அறையின் இரவோ விடிந்ததும் இல்லாமல் போகிறது. அதைச் சேர்த்துவைக்கக் கிடங்கு கிடையாது. விடுதிக்காரர் தரும் தள்ளுபடியும், பயணி செய்யும் பேரமும், இணையத்தில் அறைக்கு ஏலம் கேட்கும் தந்திரங்களும் இதிலிருந்தே பிறந்தவை.

ஆனால் தள்ளுபடி சும்மா வருவதில்லை. அதற்கு ஈடாக நாம் எதையோ விட்டுக்கொடுக்கிறோம். அது என்ன என்று அறியத் தங்குமிடங்களின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குச் சென்னையின் ஒரு சாலையே நமக்குப் போதும்: சென்ட்ரல் நிலையத்தருகிலிருந்து அமைந்தகரை, மதுரவாயல் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலை. நகருக்குள் அதன் இன்றைய பெயர் பெரியார் ஈ.வெ.ரா. சாலை, மக்கள் வாயில் இன்னமும் பூந்தமல்லி ஹைரோடுதான். காஞ்சிக்கும் ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் போவோர்க்குத் தலைமுறை தலைமுறையாக இதுவே திசை.

*

கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் பயணம் நடந்த காலத்தில் இரவைக் கழிக்க இருந்த இடம் சத்திரம். அங்கே அறைக்கு விலை இல்லை. விலையில்லாத ஒன்றைத் தேடிப் பலர் வரும்போது அதை எவ்வாறு பங்கிடுவது என்ற கேள்வி எழும். அதற்குச் சத்திரங்கள் கண்ட விடை காலவரம்பு. ஒருவர் இத்தனை நாள்தான் தங்கலாம். பெரும்பாலும் மூன்று நாள். அதற்குமேல் அடுத்த வழிப்போக்கருக்கு இடம்விட வேண்டும்.

தஞ்சை மராத்திய மன்னர்கள் இத்தகைய சத்திரங்களை இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் ஏற்படுத்தினர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும் இன்றும் அறியப்படுபவை. ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின், இரண்டாம் சரபோஜி 1801இல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டாரினுக்கு எழுதிய கடிதம் சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கும் அரிய ஆவணம். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் அங்கே உணவு உண்டு என்பதையும், நோயுற்றோர் கவனிக்கப்படுவதையும் அவர் அதில் விரித்துரைக்கிறார். நாடு போனாலும் சத்திரங்கள் தம் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

சத்திரத்தைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. பல சத்திரங்களில் சமையலும் தங்குமிடமும் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சிலருக்குத் திண்ணை, சிலருக்கு அதுவும் இல்லை. காசு கேட்காத இடம் பிறப்பைக் கேட்டது.

1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கமுள்ள வாலாஜா ரோடு வரை இரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயிலான அது அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்றது. பல இரவுகள் நீண்ட பயணம் ஒரு பகலுக்குள் சுருங்கியது. வழிநெடுகத் தேவைப்பட்ட இரவுகள் குறைந்தன. நகரத்தின் வாயிலில் தேவைப்பட்ட இரவுகள் கூடின. 1880களில் இராஜா சர் சவலை இராமசாமி முதலியார் சென்ட்ரல் நிலையத்திற்கு எதிர்ப்புறம் சத்திரம் கட்டியது இந்த மாற்றத்தின் அடையாளம். ஊருக்கு ஊர் சாலையோரத்தில் இருந்த சத்திரம், இப்போது இரயிலடிக்கு வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்வோம். சத்திரத்தின் முகப்பில் அறம் செய்தவரின் பெயர் இருந்தது. சோறு சரியில்லை என்றால், கிணறு தூர்ந்துபோனால், இழுக்கு அந்தப் பெயருக்கு. பயணி காசு தரவில்லை; ஆனால் யாரைக் குறைசொல்வது என்று அவருக்குத் தெரியும்.

*

சத்திரத்திற்குப் பின் வந்தது லாட்ஜ். இங்கே பெயர்ப்பலகையோடு கட்டணப் பலகையும் தொங்கியது. பலகையில் எழுதிய தொகை எல்லாருக்கும் ஒன்று என்பது பேச்சளவில்தான். வரவேற்பு மேசையில் அமர்ந்திருப்பவர் வருகிறவரை ஒரு பார்வையில் எடைபோடுவார். கையில் பெட்டி இருக்கிறதா, குடும்பமாக வந்திருக்கிறாரா, மணி என்ன, மழை பெய்கிறதா என்பதெல்லாம் அந்த எடையில் சேரும். வந்தவரும் மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சாவிகளை எண்ணுவார். சாவி நிறைய இருந்தால் அறை நிறையக் காலி. நம் ஊரில் அறைக்குப் பேரம் பேசுவதன் முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம் பஞ்சாங்கம். பூந்தமல்லி நெடுஞ்சாலை கல்யாண மண்டபங்கள் நிறைந்த சாலை. வைகாசி முகூர்த்த நாளில் அங்கே அறை கேட்பவருக்குப் பேரம் பேச வாயே வராது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் வெறிச்சோடும். அப்போது பலகைத் தொகை தானாக இறங்கும். அதே ஆடியில், அதே சாலையை ஒட்டிய திருவேற்காட்டில், கருமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் நிலைமை தலைகீழ். நான்கைந்து கிலோமீட்டர் தள்ளித் தங்கத் தெரிந்தவருக்கே விலை குறையும். மூன்றாவது பாடம் கடிகாரம். சிறு லாட்ஜுகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். பெரிய ஓட்டல்களில் நண்பகலில் நாள் முடியும். விடியற்காலை பேருந்தில் வந்து இறங்குபவருக்கு இந்த வேறுபாடு ஒரு முழு நாள் வாடகை.

இப்பேரத்தில் இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்தன. அறையைத் திறந்து காட்டச் சொல்லலாம்; குழாயைத் திருகிப் பார்க்கலாம்; பிடிக்காவிட்டால் பக்கத்து லாட்ஜுக்குப் போகலாம். மறைந்திருந்தது ஒன்றுதான்: பக்கத்து அறைக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்பது.

*

ஏலம் என்ற சொல் போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆனால் விலையை மறைத்துப் பேசும் கலை நமக்கு அயலானதன்று. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போர்த்தி, அதனடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதை நாம் பார்த்திருக்கிறோம். சுற்றி நிற்பவர்களுக்கு மாடு தெரியும், விலை தெரியாது.

1998இல் அமெரிக்காவில் ஜே வாக்கர் தொடங்கிய பிரைஸ்லைன் நிறுவனம் இதைத் தலைகீழாக்கியது. விலையைச் சொல்லுங்கள், மாட்டைப் பிறகு காட்டுகிறோம் என்றது. முதலில் விமானச் சீட்டு, அதே ஆண்டில் விடுதி அறை. பயணி ஊரையும், ஊருக்குள் ஒரு வட்டாரத்தையும், எத்தனை நட்சத்திர விடுதி என்பதையும் தேர்ந்து, தாம் தரக்கூடிய தொகையைக் குறிப்பிட்டு, கடனட்டை எண்ணையும் கொடுக்க வேண்டும். ஏதேனும் ஒரு விடுதி அத்தொகைக்கு இசைந்தால் பணம் அக்கணமே எடுக்கப்படும். அதன் பிறகே விடுதியின் பெயர் தெரியும். ரத்து செய்ய முடியாது. இம்முறைக்கு அந்நிறுவனம் காப்புரிமையும் பெற்றிருந்தது. அதை மீறியதாக 1999இல் மைக்ரோசாஃப்டின் மீதே வழக்குத் தொடுத்தது.

விடுதிகள் ஏன் பெயரை மறைக்க விரும்பின? 200 டாலர் அறையை 90 டாலருக்கு வெளிப்படையாக விற்றால், 200 கொடுத்தவர் நாளை வந்து கேள்வி கேட்பார். பெயரை மறைத்துவிட்டால், எங்கே தங்குகிறோம் என்பதில் கவலையில்லாதவர் மட்டுமே அந்தக் குறைந்த விலைக்கு வருவார். காலி அறையும் நிரம்பும். பலகை விலையும் கெடாது. பெயருக்கு முகமூடி போடுவதற்கான கூலியே அந்தத் தள்ளுபடி.

கேட்பவருக்கு இதில் ஒரு சிக்கல். ஏலக் கோட்பாட்டை வகுத்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் விக்ரி. 1961இல் அவர் எழுதிய ஆய்வுரை, உறையிலிட்டுக் கேட்கும் ஏலத்தில் வென்றவர் தம் தொகையைச் செலுத்தாமல் இரண்டாம் இடத்தவரின் தொகையைச் செலுத்தினால், ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள உண்மையான மதிப்பையே எழுதுவது இலாபகரம் என்று காட்டியது. 1996இல் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த சில நாள்களிலேயே மறைந்தார். பிரைஸ்லைனில் கேட்ட தொகையையே கட்ட வேண்டும். எனவே உண்மையைச் சொல்பவர் ஏமாளி. குறைவாகக் கேட்டு, மறுக்கப்பட்டால் சற்று ஏற்றிக் கேட்பதே வழி. அதைத் தடுக்கவும் ஒரு விதி இருந்தது: மறுக்கப்பட்டவர் குறிப்பிட்ட காலம் கழியும்வரை அதே கோரிக்கையை மீண்டும் வைக்க முடியாது. கோரிக்கையில் எதையாவது மாற்றினால் உடனே வைக்கலாம்.

பயணிகள் கண்டுபிடித்த தந்திரம் இந்த இடைவெளியில் நுழைந்தது. அதைச் சென்னையை வைத்தே விளக்குவோம். நமக்கு நுங்கம்பாக்கத்தில் ஐந்து நட்சத்திர விடுதி வேண்டும். 3,000 ரூபாய் என்று கேட்கிறோம், மறுக்கப்படுகிறது. இப்போது கோரிக்கையில் ஆவடியையும் சேர்க்கிறோம். விதிப்படி இது புதிய கோரிக்கை. எனவே 3,300 என்று உடனே கேட்கலாம். ஆவடியில் ஐந்து நட்சத்திர விடுதி இல்லை. ஆகையால் ஆவடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும் அபாயமும் இல்லை. அதுவும் மறுக்கப்பட்டால், அவ்வாறே விடுதியில்லாத இன்னொரு வட்டாரத்தைச் சேர்த்து 3,600. ஒரு நகரத்தில் உயர்தர விடுதி இல்லாத வட்டாரங்கள் எத்தனையோ, அத்தனை வாய்ப்புகள். எந்த நகரில் எந்த வட்டாரம் இப்படி 'வெற்று வட்டாரம்' என்பதைத் தொகுத்துக் கொள்வதே அன்றைய அமெரிக்கப் பயணிகளின் ஏலக்கல்வியாக இருந்தது.

நம் அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு எளிதில் புரிந்திருக்கும். ஏலச்சீட்டில் அவரும் தள்ளுபடிக்குத்தான் ஏலம் கேட்கிறார். மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியவர் அதிகத் தள்ளுக்குக் கேட்பார். அவசரமில்லாதவர் பொறுத்திருந்து முழுத்தொகை எடுப்பார். அவசரம் முகத்தில் தெரியக்கூடாது என்பது சீட்டுக்கும் அறைக்கும் பொது விதி.

2000இல் வந்த ஹாட்வயர் விலையைக் காட்டிப் பெயரை மட்டும் மறைத்தது. பேரத்தின் அலுப்பு இல்லாததால் மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தனர். பிரைஸ்லைனும் 2016இல் விமானச் சீட்டுக்கும், பின்னர் அறைகளுக்கும் ஏல முறையைக் கைவிட்டது. பெயர் மறைத்த அறை மட்டும் நிலைத்துவிட்டது.

*

இந்தியாவில் தள்ளுபடி வேறொரு வழியில் வந்தது. 2013இல் ரித்தேஷ் அகர்வால் தொடங்கிய ஓயோ, சிறு லாட்ஜுகளைத் தன் குடைக்கீழ் கொண்டுவந்தது. பெயர் மறையவில்லை, ஆனால் சிவப்புப் பலகையில் நிறுவனத்தின் பெயரும் ஓர் எண்ணும் முன்னால் வந்தன, விடுதியின் சொந்தப் பெயர் பின்னால் போயிற்று. விலையைத் தீர்மானிப்பதும் மேசையிலிருந்து கைப்பேசிக்கு மாறியது. ஆழ்ந்த தள்ளுபடிகள் தங்களை மூழ்கடிப்பதாக விடுதி உரிமையாளர் சங்கங்கள் முறையிட்டன. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. வேறு தளங்களில் குறைந்த விலைக்கு அறை தரக்கூடாது என்று விடுதிகளைக் கட்டுப்படுத்தியதும், போட்டி நிறுவனங்களின் விடுதிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் அவ்வழக்கில் முதன்மையானவை. பயணி தனியே பேரம் பேசும் உரிமை, ஒப்பந்தத்தின் ஒரு வரியில் பறிபோயிருந்தது.

வரியும் பலகையை நம்பியே இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, அறைக்கான வரி விகிதம் உண்மையில் வாங்கிய தொகையைக் கொண்டு முடிவாகவில்லை. அறிவிக்கப்பட்ட கட்டணத்தைக் கொண்டே முடிவாயிற்று. பலகையில் 8,000 என்றிருந்து தள்ளுபடியில் 4,000க்குப் போன அறைக்கு 28 விழுக்காடு, அதாவது 1,120 ரூபாய் வரி. 2018 ஜூலையில் விதி மாறி, வாங்கிய தொகையே அடிப்படை என்றான பின் அதே அறைக்கு 18 விழுக்காடு, 720 ரூபாய். பலகை வெறும் அலங்காரம் என்பதை அரசு ஒப்புக்கொள்ள ஓராண்டுக்கு மேலாயிற்று.

*

இனி, நாம் உவமைக்கு எடுத்துக்கொண்ட ஆவடிக்கே திரும்புவோம். ஏலக் கணக்கில் அது வெற்று வட்டாரம். ஆனால் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் ஒவ்வோர் இரவும் பெருந்திரள் மக்கள் சொந்த ஊரைவிட்டு வந்து தங்குகிறார்கள். அவர்களுடைய இரவுக்கு நட்சத்திரம் இல்லை, அவ்வளவே.

அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியது, 1960களில் தொழிற்பேட்டை வளர்ந்தது. கொரட்டூர், பாடி, மண்ணூர்ப்பேட்டைப் பக்கங்களில் வீட்டு மாடிகளும் பின்கட்டுகளும் வாடகை அறைகளாயின. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஆலையோடு குடியிருப்பும் கட்டப்பட்டது. குவார்ட்டர்ஸ் என்பது சந்தைக்கு வராத அறை. அதன் கூரை ஒழுகினால் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது என்று குடியிருப்பவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வகையில் அது சத்திரத்தின் வாரிசு.

1990களின் இறுதியில் தொழில் இதே சாலையில் இன்னும் மேற்கே நகர்ந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, பின்னர் ஐபோன் பொருத்தும் பாக்ஸ்கான். ஆலைகள் வந்தன, குவார்ட்டர்ஸ் வரவில்லை. பல மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்களை ஆலைக்குச் சேர்த்தவர்களும், தங்கவைத்தவர்களும், உணவு தந்தவர்களும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள்.

2021 டிசம்பர் நடுவில், பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த, பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றின் உணவு நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளைப் பற்றிய உண்மை நிலவரம் தெரியாத அச்சத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் 17ஆம் தேதி இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அந்த விடுதிகளில் ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்ததும், சில கழிவறைகளில் தண்ணீரே இல்லாததும் அதன் பிறகே வெளியுலகிற்குத் தெரியவந்தன. தொலைவிலுள்ள சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரவிதிகளுக்கு உட்படவில்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது.

இதுவும் பெயர் மறைத்த அறைதான். பிரைஸ்லைனில் ஏலம் கேட்டவருக்கு விடுதியின் பெயர் சில நொடிகளில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் ஓர் இரவு முணுமுணுத்துவிட்டு வரலாம். பூந்தமல்லி விடுதியில் படுத்த பெண் அறையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. குழாயைத் திருகிப் பார்க்கவில்லை. விலை சொல்லவும் இல்லை. அவர் சார்பில் விலை பேசியவர் அங்கே படுக்கப்போகிறவர் அல்லர். ஒருவர் பேரம் பேச, வேறொருவர் படுக்கும் அறையில், விலை குறையக் குறையத் தண்ணீரும் இடமும் குறைவது இயல்பு. முகமூடிக்கான கூலியாகிய தள்ளுபடியை ஒருவர் வாங்கிக்கொண்டார். முகமூடியின் விளைவை மற்றவர் உண்டார். சோறு கெட்டபோது யாரிடம் கேட்பது என்று தெரியாததால் அவர்கள் சாலையிடம் கேட்டார்கள்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய் செலவு, 18,720 படுக்கைகள். ஆவடி குவார்ட்டர்ஸுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான பின், இந்தச் சாலையில் தங்குமிடம் மீண்டும் அறியப்பட்ட ஒரு பெயரின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எல்லாருக்கும் அங்கே இடமில்லை. மற்றவர்கள் இன்றும் பூந்தமல்லி, நசரத்பேட்டைப் பக்கத்து விடுதிகளிலும் வாடகை மாடிகளிலும் உறங்குகிறார்கள்.

மலிவாக அறை கேட்பது குற்றமன்று. சாவியை எண்ணுவதும், பஞ்சாங்கம் பார்ப்பதும், வெற்று வட்டாரத்தைச் சேர்த்துக் கேட்பதும் பயணியின் நியாயமான சாமர்த்தியங்கள். படுக்கப்போகிறவரே விலை பேசும்வரை அந்தச் சாமர்த்தியத்தால் பிறருக்குக் கேடில்லை. அடுத்தவரின் இரவுக்கு நாம் விலை பேசும் நிலை வரும்போது, அந்தச் சுவரில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.